அவுட்போர்டு மோட்டாரை எந்த உயரத்தில் மாட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டக் கடற்கரையில் ஃபைபர் வள்ளங்களுக்கு மோட்டார் மாட்டிக் கொடுப்பதும், ஓடவில்லை என்று வந்தால் கழற்றிப் பார்ப்பதும்தான் என் பிழைப்பு. "எஞ்சின் இழுக்கல", "பெட்ரோல் குடிக்குது", "சுத்துது ஆனா போகல" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கார்புரேட்டரைப் பற்றி அல்ல, படகின் பின்முனையை அடைக்கும் பின்பலகையில் மோட்டார் எந்த உயரத்தில் நிற்கிறது என்றுதான். அதையொட்டி திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். 9.9 முதல் 40 குதிரைத்திறன் வரை உள்ள மோட்டார்களை மனதில் வைத்து எழுதியது.

உயரம் என்றால் எதிலிருந்து எது வரை?

காத்தாடிக்கு (புரொப்பெல்லர்) நேர் மேலே படுக்கையாக, ஒரு சின்ன வால் மாதிரி பின்னால் நீட்டிக்கொண்டு ஒரு தகடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். படகின் அடிப்பகுதிக்கும் அந்தத் தகட்டுக்கும் உள்ள இடைவெளியைத்தான் உயரம் என்கிறோம். மேலே இருக்கும் மூடி தரையிலிருந்து எத்தனை அடி என்பதோ, படகு கரையில் நிற்கும்போது காத்தாடி மண்ணைத் தொடுகிறதா என்பதோ இதில் கணக்கே இல்லை.

அந்தத் தகட்டுக்குக் கடையில் ஆன்டி-கேவிடேஷன் பிளேட் என்று பெயர். பெயர்தான் அப்படி, அது தடுப்பது கேவிடேஷனை அல்ல. கேவிடேஷன் என்பது காத்தாடி இதழின் முகத்தில் அழுத்தம் ரொம்பக் குறைந்து, அந்த இடத்துத் தண்ணீர் சூடே இல்லாமல் ஆவியாகிக் குமிழ் கட்டுவது. அந்தக் குமிழ்கள் உடைந்து உடைந்து இதழில் புள்ளி புள்ளியாகப் பள்ளம் விழும். தகடு தடுப்பது வேறொன்றை, அதாவது மேலே இருக்கும் காற்றைக் காத்தாடி கீழே உறிஞ்சுவதை. நம் ஆட்கள் "காத்து வாங்குது" என்று சொல்வது அதைத்தான். நூறு பேர் கேவிடேஷன் என்று சொல்லிக்கொண்டு வந்தால் அதில் பெரும்பாலும் காற்று வாங்குவதுதான் இருக்கும்.

சரி, எவ்வளவு இருக்க வேண்டும்? ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்.

படகின் அடிமட்டத்துக்குச் சமமாக, அல்லது அதைவிட ஓர் அங்குலம் வரை கீழே. மோட்டாரோடு வரும் புத்தகங்களிலும் ஏறக்குறைய இதுதான் இருக்கும், 0 முதல் 25 மில்லிமீட்டர் என்று. மாட்டும்போது இந்த எண்ணில் மாட்டுங்கள். ஆனால் கடலில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் இது சரியா என்று தெரியும், அந்த எண்ணிலேயே நின்றுவிடாதீர்கள்.

ஷார்ட் ஷாப்ட், லாங் ஷாப்ட் என்கிறார்களே, என் படகுக்கு எது?

ஷாப்ட் என்று இங்கே சொல்வது மோட்டார் காலின், அதாவது பலகையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் பகுதியின் நீளத்தை. ஷார்ட் என்றால் 15 அங்குலம், லாங் என்றால் 20, எக்ஸ்ட்ரா லாங் என்றால் 25. பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து, மோட்டார் உட்காரும் நடுப்பகுதியில், படகின் அடி வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். 15 அங்குலத்தை ஒட்டி வந்தால் ஷார்ட், 20ஐ ஒட்டி வந்தால் லாங். 17, 18 என்று நடுவில் வந்தால்தான் தலைவலி. அப்போது லாங் வாங்கி, கீழே கட்டை கொடுத்து உயர்த்துவது நல்லது. ஷார்ட் வாங்கிவிட்டுப் பலகையை வெட்டும் வேலை வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் மோட்டார் வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஒரு தம்பி விலை குறைவாகக் கிடைத்தது என்று லாங் ஷாப்ட் மோட்டாரை வாங்கி வந்து 15 அங்குலப் பலகையில் மாட்டிவிட்டான். தகடு அடிமட்டத்திலிருந்து ஐந்து அங்குலம் கீழே. ஓட்டினால் மோட்டார் காலின் இரண்டு பக்கமும் தண்ணீர் விசிறி மாதிரி எழும்பி, பின்னால் உட்கார்ந்திருப்பவன் முதுகு முழுக்க நனைந்தது. எஞ்சினில் கோளாறு என்று இரண்டு தடவை கார்புரேட்டர் சுத்தம் பண்ணியிருக்கிறான், அதுவும் காசு கொடுத்து. கடைசியில் தேக்குக் கட்டை ஒன்றைப் பலகையின் மேல் நிரந்தரமாகப் பிடிக்க வைத்து, ரெசின் போட்டு, உயர்த்திக் கொடுத்தேன். அதே எஞ்சின், அதே காத்தாடி, ஓட்டம் வேறாகிவிட்டது.

கரையில் வைத்து எப்படி அளப்பது? எல்லாரும் கண் மட்டத்தில்தானே பார்க்கிறார்கள்?

கண் மட்டம் ஏமாற்றும், படகு மணலில் சாய்ந்துதான் நிற்கும் என்பதால். நேரான மரச்சட்டம் ஒன்று எடுங்கள், நாலடி நீளம் போதும், வளைந்திருக்கக் கூடாது. படகின் அடியில், நடுக்கோட்டில், பின்பலகையை ஒட்டிய கடைசி இரண்டு மூன்று அடியில் சட்டத்தை அடியோடு அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள், அதன் மீதிப் பகுதி பின்னால் மோட்டார் வரை நீட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் மோட்டாரை இறக்கி, அந்தத் தகடு சட்டத்துக்கு இணையாக வரும் வரை சாய்வை மாற்றுங்கள். இணையாக வந்த பிறகு இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் அதுதான் உங்கள் உயரம். தகடு சாய்வாக இருக்கும்போது அளந்தால் முன் விளிம்பில் ஒன்றும் பின் விளிம்பில் ஒன்றும் வரும், அப்புறம் எதை நம்புவது?

ஏரா (படகின் அடியில் நடுவே நீளவாக்கில் புடைத்து ஓடும் முதுகெலும்பு) பின்பலகை வரை நீண்டு வந்திருக்கும் படகுகளில் சட்டத்தை ஏராவின் மேல் வைக்காதீர்கள். அதன் பக்கத்தில், படகின் உண்மையான அடியில் வையுங்கள்.

ஏரா பின்னால் வரை வந்தால் கோளாறா?

ஆமாம், காத்தாடிக்கு நேர் முன்னால் முடிகிற ஏரா தண்ணீரைக் கலக்கி, குமிழோடு காத்தாடிக்குள் அனுப்பும். அளவெல்லாம் சரியாக இருந்தும் காற்று வாங்குகிறது என்றால் நான் பார்க்கும் முதல் இடம் இது. பின்பலகைக்கு ஒன்றரை இரண்டடி முன்னாலிருந்தே ஏராவைச் சரிவாகத் தேய்த்துக் கொண்டுவந்து அடியோடு முடித்துவிட்டு, தேய்த்த இடத்தில் ஃபைபர் பாயும் ரெசினும் போட்டு மூட வேண்டும். அது முடியாது என்றால் மோட்டாரை அரை அங்குலம், முக்கால் அங்குலம் கூடுதலாக இறக்கிப் பார்க்கலாம். ஃபிஷ் ஃபைண்டரின் சென்சாரை மோட்டாருக்கு நேர் முன்னால் திருகி வைப்பதும் இதே வேலையைத்தான் செய்யும். அதை ஓரமாக நகர்த்துங்கள்.

அண்ணே, யூடியூபில் வெளிநாட்டுக்காரன் தகட்டை அடிமட்டத்துக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் தூக்கி வைக்கிறான், வேகமா போகுது. நாமும் வைக்கலாமா?

வைக்காதீர்கள். அந்தப் படகு காலியாக, ஆளும் தூண்டிலும் மட்டும் வைத்துக்கொண்டு, ஏரித் தண்ணீரில் போகிறது. மோட்டார் பலகையிலிருந்து பின்னால் தள்ளி ஒரு தாங்கியில் மாட்டப்பட்டிருக்கும். படகின் அடியைக் கடந்து வெளியே வரும் தண்ணீர் பின்னால் போகப் போக மேலே எழும்பும், அதனால் மோட்டார் எவ்வளவு பின்னால் தள்ளி இருக்கிறதோ அவ்வளவு உயர்த்தலாம், ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்பது பொதுவான கணக்கு. நம் வள்ளத்தில் மோட்டார் பலகையோடு ஒட்டி இருக்கிறது, வலையும் ஐஸ்பெட்டியும் ஏற்றி, அலையில் ஏறி இறங்கிப் போகிறோம். அவர் தேடுவது கடைசி இரண்டு மைல் வேகம். நமக்கு வேண்டியது அலை முகட்டில் காத்தாடி வெளியே வராமல் இருப்பது.

கடலில் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

முதலில், எப்போதும் போகிற பாரத்தோடு போங்கள். காலிப் படகில் சரியாக இருக்கும் உயரம் வலை ஏற்றினால் மாறும், வலை ஏற்றி மீனோடு திரும்பும்போது இன்னும் மாறும். நான் போகும் பாரத்துக்குத்தான் வைப்பேன், ஏனென்றால் திரும்பும்போது பாரம் கூடினால் மோட்டார் ஆழமாகத்தான் போகும், அதில் ஆபத்து ஒன்றும் இல்லை.

படகு வேகம் பிடித்து அணியம் (முன்பக்கம்) இறங்கித் தண்ணீர் மேல் ஏறி ஓடத் தொடங்கியதும், ஓட்டுகிறவர் முன்னால் பார்க்கட்டும், இன்னொருவர் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்து அந்தத் தகட்டைப் பார்க்கட்டும். தகடு மங்கலாகத் தெரிய வேண்டும், அதன் மேல் மெல்லிய ஏடு மாதிரி தண்ணீர் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தகடே தெரியாமல் மோட்டார் காலைச் சுற்றி வெள்ளையாக நுரை குவிந்தால் மோட்டார் தாழ்வாக இருக்கிறது. தகடு காய்ந்து பளிச்சென்று தெரிந்தால் உயரம் அதிகம். அடுத்து, முக்கால் கைப்பிடியில் (ஆக்ஸிலரேட்டரில்) வைத்துக்கொண்டு நீங்கள் வழக்கமாகத் திரும்புகிற அளவுக்கு இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள். சத்தம் திடீரென்று கீச்சென்று ஏறி, படகு தொங்கிப்போய்த் தள்ளாமல் நின்றால் காற்று வாங்குகிறது. கரைக்கு வந்து அரை அங்குலம் மாற்றி, மறுபடியும் போங்கள். அரை அங்குலம் அரை அங்குலமாக உயர்த்திக்கொண்டே போய், திருப்பத்தில் காற்று வாங்கத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒரு படி இறக்கி நிறுத்துவதுதான் முறை. அலையடிக்கும் கரையில் தொழில் செய்கிறவர் என்றால் இரண்டு படி இறக்குங்கள்.

ஒரு நாள் முழுக்கப் போகும் இந்த வேலைக்கு. ஆனால் ஒரு தடவைதான்.

எங்கள் படகு அப்படி மேலே ஏறி ஓடவே ஓடாது. 9.9 தான், பாரமும் அதிகம்.

அப்படியென்றால் மேலே சொன்ன தகடு பார்க்கும் கதை உங்களுக்கு இல்லை. தண்ணீரைப் பிளந்துகொண்டே போகும் படகுக்கு ஒரு வேக வரம்பு உண்டு. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அந்த வேகம் மணிக்கு எத்தனை கடல் மைல் என்று கிடைக்கும். 25 அடி என்றால் 6.7, மணிக்குச் சுமார் பன்னிரண்டரை கிலோமீட்டர். அந்த வேகத்தில் மோட்டார் கால் தண்ணீரில் கூடுதலாக ஓர் அங்குலம் இருப்பதால் வரும் இழுவை பெரிதாகத் தெரியாது. அதனால் நீங்கள் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் கீழேயே வையுங்கள், அலையில் காத்தாடி வெளியே வராமல் இருந்தால் அதுவே லாபம். உயரத்தைக் குறைத்துக் கூட்டி வேகம் தேடுவதைவிட, மெதுவான படகுக்கு ஏற்ற காத்தாடியாக, பிட்ச் (ஒரு சுற்றில் காத்தாடி முன்னேற வேண்டிய தூரம்) குறைந்ததாகப் பார்த்துப் போடுவது இங்கே பலன் தரும். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் எஞ்சின் சுற்று நிமிடத்துக்குச் சுமார் 150 முதல் 200 வரை ஏறும்.

தாழ்வாக இருந்தால் என்ன, வேகம்தானே கொஞ்சம் குறையும்?

வேகம் குறைவது ஒன்று. தாழ்வாக நிற்கும் மோட்டாரில் நான் பார்க்கும் இன்னொரு வில்லங்கம் ஸ்டார்ட்டிங். மெதுவாக ஓடும்போது புகை வெளியேற மோட்டார் காலின் மேல் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது தண்ணீருக்குள் போய்விட்டால் புகை வெளியேற வழியில்லாமல் எஞ்சின் திணறும், ஸ்லோவில் நிற்காது, கயிற்றைப் பத்துத் தடவை இழுக்க வேண்டி வரும். பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை, ஒருவர் முன்னால் போனால் ஸ்டார்ட் ஆகிறது என்று ஒரு படகு வந்தது. பேய் பிடித்த மாதிரி என்றார்கள். அந்த ஓட்டைதான்.

உயரமாக இருந்தால்?

எஞ்சின் எரிந்து போகும், அதுதான் பெரிய பயம். குளிர்விக்கும் தண்ணீரை உறிஞ்சும் வாய் தகட்டுக்குக் கீழே, கியர் பெட்டியின் பக்கத்திலோ தகட்டின் அடியிலோ இருக்கும். மோட்டார் உயர்ந்து நின்றால் அது தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். பின்னால் பீச்சும் தண்ணீர் விட்டு விட்டு வந்தால் அல்லது ஆவியாக வந்தால் உடனே வேகத்தைக் குறையுங்கள், கரைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டு வராதீர்கள். அடுத்தது, காற்று வாங்கி வாங்கி எஞ்சின் பாரமில்லாமல் அலறுவது. அந்த ஒவ்வொரு அலறலும் பிஸ்டனுக்கு அடி.

சுற்று ஏறுகிறது, படகு போகவில்லை. உயரம் மாற்றியும் தீரவில்லை.

காத்தாடியின் நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறதா பாருங்கள். எளிய வழி ஒன்று உண்டு. காத்தாடியின் பின்பக்கத்தில், உள்ளே இருக்கும் உலோகப் புஷ்ஷிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளி வளையம் வரை ஒரே நேர்கோடாகப் பெயின்டிலோ நெயில் பாலிஷிலோ கோடு போடுங்கள். காய்ந்ததும் கடலுக்குப் போய் முழுக் கைப்பிடியில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். உள் கோடும் வெளிக் கோடும் விலகியிருந்தால் புஷ் போய்விட்டது, உயரத்தின் மேல் பழி இல்லை. கோடு அப்படியே இருந்தால் இதழில் வளைவு, உடைவு, சிப்பி ஒட்டியிருப்பது, தூண்டில் நரம்பு சுற்றியிருப்பது இதெல்லாம் பாருங்கள். படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஏறியிருந்தாலும் கலங்கிய தண்ணீர்தான் காத்தாடிக்கு வரும்.

உயர்த்துவது எப்படி? கட்டை வைத்தால் போதுமா?

சின்ன மோட்டாருக்குப் போதும், ஆனால் சோதனைக்கு வைக்கும் கட்டையும் நிரந்தரக் கட்டையும் வேறு. சோதனைக்கு அரை அங்குல மரைன் பிளைவுட் துண்டுகளை மோட்டார் தாங்கிக்கும் பலகை விளிம்புக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம். கைத்திருகின் வட்டத் தகடு முழுக்கப் பலகையில் பதிகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள், விளிம்பில் பாதி தொங்கிக்கொண்டிருந்தால் அது ஒரு அலைக்குக் கழன்றுவிடும். மோட்டாரை ஒரு கயிறோ சங்கிலியோ போட்டுப் படகோடு கட்டாமல் சோதனைக்குப் போகவே போகாதீர்கள். மோட்டார் கடலில் விழுந்தால் அரை அங்குலத்துக்கு நீங்கள் கொடுத்த விலை ரொம்ப அதிகம்.

உயரம் முடிவான பிறகு தேக்கு மாதிரி கெட்டியான மரத்தைப் பலகையின் மேல் விளிம்பில் போல்ட் போட்டுப் பிடித்து, ரெசினால் மூடிவிடுங்கள். போல்ட் போட்டு மாட்டும் மோட்டார்களில் தாங்கியிலேயே ஒன்றன் கீழ் ஒன்றாக ஓட்டைகள் இருக்கும், ஒன்றுக்கொன்று முக்கால் அங்குலம் மாதிரி. ஓட்டை மாற்றினாலே உயரம் மாறிவிடும், கட்டை வேண்டாம். பலகையில் துளை போட்டால் அதன் உள்சுவரில் எபாக்சி தடவி, சீலன்ட் வைத்து மூடுங்கள். ஃபைபர் பலகைக்குள் பிளைவுட் இருக்கும், துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் வெளியே பளபளப்பாகவே இருக்கும், உள்ளே சோறு மாதிரி ஆகிவிடும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும், பொத்தென்று கேட்டால் மோட்டார் உயரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், முதலில் பலகையை மாற்றுங்கள்.

இறக்க வேண்டும் என்றால் பலகையை வெட்டலாமா?

எனக்குப் பிடிக்காத வேலை. பலகை குறைந்தால் பின்னாலிருந்து வரும் அலை உள்ளே வர வழி கிடைக்கிறது. மோட்டார் எடையையும் சேர்த்துப் பார்த்தால் அமரம் (படகின் பின்பக்கம்) ஏற்கெனவே தண்ணீருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். லாங் ஷாப்ட் மோட்டாருக்கு மாறுங்கள்.

சாய்வுக் கம்பியை மாற்றினால் போதாதா?

அது வேறு, இது வேறு. மோட்டார் எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும் என்று பிடித்து வைக்கும் அந்தக் கம்பியின் ஓட்டையை மாற்றினால் காத்தாடி தள்ளும் கோணம் மாறும். மோட்டார் பலகையிலிருந்து வெளியே தள்ளி நின்றால் அணியம் தூக்கும், படகு குதித்துக் குதித்துப் போகும். பலகையை ஒட்டி உள்ளே வந்தால் அணியம் இறங்கும். ரொம்ப உள்ளே வந்தால் அணியம் அலையில் குத்தி, மோட்டாரைத் திருப்பும் பிடி ஒரு பக்கமாக இழுக்கும். உயரத்தை முதலில் முடியுங்கள், தகடு அடிமட்டத்துக்கு இணையாக இருக்கும் ஓட்டையில் கம்பியை வைத்து. அப்புறம் ஒவ்வொரு ஓட்டையாக மாற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் சேர்த்து மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று தெரியாமல் போகும்.

பாக் நீரிணைப் பக்கம் ஆழமே இல்லை, கடல்புல் வேறு. அங்கே உயர்த்தி மாட்டலாமா?

ஆழம் குறைந்த இடத்துக்காக நிரந்தர உயரத்தை மாற்றாதீர்கள். பெரும்பாலான சின்ன மோட்டாரில் ஆழம் குறைந்த இடத்தில் பாதி தூக்கி நிறுத்தும் வசதி இருக்கிறது. அதைப் போட்டு, மெதுவாக, தண்ணீர் உறிஞ்சும் வாய் மூழ்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள். மணல் கலங்கிய தண்ணீரை இழுத்தால் உள்ளே தண்ணீரை இழுத்துத் தள்ளும் ரப்பர் இம்பெல்லர் தேயும், புல் வாயில் அப்பிக்கொண்டால் தண்ணீர் வராது. பீச்சும் தண்ணீரைக் கவனிப்பது அங்கே இரண்டு மடங்கு முக்கியம்.

இரண்டு மோட்டார் மாட்டினால்?

வி வடிவ அடி என்றால் நடுவிலிருந்து பக்கவாட்டில் போகப் போக அடி மேலே ஏறும். அதனால் சட்டத்தை நடுவில் வைத்து அளக்காதீர்கள், ஒவ்வொரு மோட்டாரும் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அங்கே வைத்து அளங்கள். திரும்பும்போது வெளிப்பக்க மோட்டார் தூக்கப்படும், ஆகவே ஒற்றை மோட்டாரைவிடக் கொஞ்சம் ஆழமாகவே வைப்பேன்.

டூ ஸ்ட்ரோக்கை எடுத்துவிட்டு ஃபோர் ஸ்ட்ரோக் போட்டேன். அதே உயரம்தானே?

அளவு அதே. ஆனால் மாடலைப் பொறுத்து பத்து இருபது கிலோ கூடுதல் எடை வரும், அமரம் இறங்கும், அந்தப் புகை ஓட்டை மூழ்கும் வாய்ப்பு கூடும். பெட்ரோல் கேனையோ ஐஸ்பெட்டியையோ முன்னால் நகர்த்துங்கள். மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

தகட்டில் றெக்கை மாதிரி பிளாஸ்டிக் ஒன்று மாட்டச் சொல்கிறார்களே?

அணியம் தூக்குவதைக் கொஞ்சம் அடக்கும், உண்மைதான். ஆனால் தகட்டில் துளை போட வேண்டும், உப்புத் தண்ணீரில் அந்தத் துளையைச் சுற்றி அரிக்கும். உயரத்தையும் பாரத்தையும் சரிசெய்த பிறகும் தீரவில்லை என்றால் பார்க்கலாம்.

மாற்றியதில் பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? எல்லாம் மனப்பிரமையாகவும் இருக்கலாமே?

நியாயமான சந்தேகம். செல்போனில் வேகம் காட்டும் ஆப் போதும். ஒரே இடத்தில், அதே பாரத்தில், அதே கைப்பிடியில், போகும்போது ஒரு வேகம், அதே கோட்டில் திரும்பி வரும்போது ஒரு வேகம் குறித்து, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் நீரோட்டம் தள்ளியதை மோட்டாரின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். பெட்ரோல் கணக்குக்கு, தனிக் கேனில் ஐந்து லிட்டர் அளந்து ஊற்றி, எவ்வளவு தூரம் வந்தது என்று இரண்டு உயரத்திலும் பாருங்கள்.

புது வள்ளம் கட்டக் கொடுத்திருக்கிறேன். கட்டுபவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

மோட்டாரை முதலில் முடிவு செய்து, ஷாப்ட் அளவை எழுதிக் கொடுங்கள். பலகை உயரம் அதற்கு ஏற்ப வேண்டும், ஏரா பின்னால் சரிவாக முடிய வேண்டும், மோட்டார் உட்காரும் இடத்தில் பலகைக்குள் வைக்கும் பிளைவுட் மரைன் கிரேடாக இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். முடிந்தால் ரெசின் போடுவதற்கு முன்னால் டேப்போடு ஒரு நடை போய் நீங்களே அளந்து பாருங்கள்.